1444-இல் விஜயநகரம்: யுரோப்பா யுனிவர்சாலிஸ் 4 புதிதாக ஆடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சாயங்காலம் நாலு மணிக்கே ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிடும். எதிர்ச்சரிவுத் தேயிலைத் தோட்டம்கூடத் தெரியாது. அப்படியொரு நவம்பரில்தான் நான் இந்த ஆட்டத்தைத் தொடங்கினேன். முதல் இரண்டு வாரம் திரையில் என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கிடைத்த விளக்கங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவையும் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்காகப் பேசியவை. போன வருடம் சித்தப்பா பையன் லேப்டாப்போடு வந்து, "அண்ணா, இதை முதல்ல இருந்து சொல்லித் தாங்க" என்று உட்கார்ந்தான். நாலு சாயங்காலம் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஸ்டாக்ஹோமில் இருக்கும் பாரடாக்ஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட கணினி வியூக ஆட்டம் இது. 2025 நவம்பரில் ஐந்தாம் பாகமும் வந்துவிட்டது. ஆனால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் முதன்முதலில் கற்பவர்களுக்கும் நான்காம் பாகத்தையே சொல்வேன். கூடுதல் பொதிகள் நிறைய உண்டு. எதையும் இப்போது வாங்க வேண்டாம். அடிப்படை ஆட்டமே ஒரு மழைக்காலத்துக்குப் போதும்.

ஆட்டத்தின் நாட்காட்டி 1444 நவம்பர் 11-இல் தொடங்கும். முந்தைய நாள் வர்னாவில் ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் முராத், சிலுவைப் படையைத் தோற்கடித்திருக்கிறார். கான்ஸ்டான்டிநோபிள் இன்னும் விழவில்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வர இன்னும் 54 வருடம் இருக்கிறது. அங்கிருந்து 1821 தொடக்கம் வரை ஒரு நாட்டை நீங்கள் ஆளலாம். இதை ஆடினால்தான் வெற்றி என்று ஆட்டம் எதையும் விதிக்காது. உங்கள் நாடு என்னவாக வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த நாட்டை எடுப்பது

பலரும் ஓட்டோமான், காஸ்டில், போர்ச்சுகல் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். அவை எளிது என்பது உண்மைதான். ஆனால் நான் தம்பிக்கு விஜயநகரத்தைக் கொடுத்தேன். பெரிய நாடு, வளமான நாடு, தெற்கில் பயமுறுத்தும் எதிரி இல்லை. வடக்கே பாமினி, வடகிழக்கே ஒரிசா என்று கவனிக்க வேண்டியவர்கள் இரண்டே பேர். எல்லாவற்றுக்கும் மேல், ஊர்ப்பெயர்கள் நமக்குத் தெரியும். மதுரையில் கலகம் என்று திரையில் வந்தால் அது வரைபடத்தில் எங்கே என்று தேட வேண்டியதில்லை. முந்நூறு எண்கள் ஒரே நேரத்தில் கண்ணில் படும் ஆட்டத்தில் அது பெரிய உதவி.

தொடக்கத்தில் அரசர் இரண்டாம் தேவராயர். வரலாற்றில் அவர் 1446-இல் இறந்தார். ஆட்டத்தில் அவர் ஆயுள் பகடையைப் பொறுத்தது. ஆகவே வாரிசு யார், அவர் திறமை என்ன என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

முதல் படி: கடிகாரத்தை ஓட விடாதீர்கள்

ஆட்டம் நின்ற நிலையில்தான் திறக்கும். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் நாட்கள் ஓடும். தட்டாதீர்கள். முதல் ஒரு மணி நேரம் நவம்பர் 11-லேயே இருங்கள். நிலவமைப்பு, வணிகம், மதம், அரசுறவு என்று வரைபடத்தின் தோற்றத்தை மாற்றிப் பாருங்கள். எந்த மாகாணம் சமவெளி, எது மலை, எங்கே ஆறு குறுக்கே போகிறது என்பதெல்லாம் பின்னால் ஆயிரக்கணக்கான வீரர்களின் உயிரைத் தீர்மானிக்கப் போகிறது.

இரண்டாம் படி: மூன்று வகைப் பாயின்ட்டைப் புரிந்துகொள்வது

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

திரையின் மேலே நிர்வாகம், அரசுறவு, ராணுவம் என்று மூன்று பாயின்ட்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மாதாமாதம் ஏறும். கணக்கு எளிது: அடிப்படையாக 3, அதோடு அரசரின் திறமை 0 முதல் 6 வரை, அதோடு நீங்கள் வேலைக்கு வைக்கும் ஆலோசகரின் படி 1 முதல் 5 வரை.

அரசரின் நிர்வாகத் திறமை 3, ஆலோசகர் முதல் படி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 7, வருடம் 84. இப்போது செலவுப் பக்கம் வாருங்கள். ஒரு தொழில்நுட்பப் படியின் அடிப்படை விலை 600. அதற்கே ஏழு வருடம் போய்விடும். பிடித்த மாகாணத்தை முழுமையாக உங்களுடையதாக்குவதை ஆட்டக்காரர்கள் 'கோர் போடுவது' என்பார்கள். மாகாணத்தின் வளர்ச்சி எண் 10 என்றால் அதற்கு அடிப்படை விலை 100 நிர்வாகப் பாயின்ட். அப்படி நாலு மாகாணம் பிடித்தால் 400. கிட்டத்தட்ட ஐந்து வருட வருமானம் அதிலேயே தீர்ந்துவிடும். நாட்டின் நிலைத்தன்மை குறைந்து அதை ஒரு படி ஏற்ற வேண்டும் என்றால் அதுவும் இதே பையிலிருந்து அடிப்படையாக 100 கேட்கும். புதிய கொள்கைகள் ஒவ்வொன்றும் 400.

ஆக, இந்த ஆட்டத்தில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது ஆளும் திறன். காசு தீர்ந்தால் கடன் வாங்கலாம், வீரர்கள் தீர்ந்தால் பத்து வருடத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். நிர்வாகப் பாயின்ட்டைக் கடன் தர யாரும் இல்லை. போரில் ஜெயித்த நிலத்தை ஆளப் பாயின்ட் இல்லாமல் உடைந்த பேரரசுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து. ஒரு செயலைத் தொடங்கும் முன் "இதை ஆள என்னிடம் பாயின்ட் இருக்கிறதா?" என்று கேட்டுப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதி ஆட்டம் தெரிந்த மாதிரி.

ஒன்று கவனியுங்கள்: 999-க்கு மேல் சேராது. நிரம்பி வழிய விடாதீர்கள்.

மூன்றாம் படி: முதல் நாள் வேலைகள்

மூன்று துறைக்கும் ஆளுக்கொரு முதல் படி ஆலோசகரை வையுங்கள். மாதச் சம்பளம் சுமார் 1 டுக்காட்தான் (டுக்காட் என்பது ஆட்டத்தின் நாணயம்). படி ஏற ஏறச் சம்பளம் பன்மடங்காகும். வருமானம் வலுத்த பிறகு மேல் படிக்குப் போகலாம்.

அப்புறம் சமூகப் பிரிவுகளின் பக்கத்தைத் திறங்கள். குருமார், பிரபுக்கள், வணிகர் என்று ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. இந்திய அரசுகளில் இவற்றின் பெயர்கள் வேறாக இருக்கும். சில சலுகைகளைக் கொடுத்தால் மாதத்துக்கு ஒரு பாயின்ட் கூடுதலாக வரும். மூன்று துறைக்கும் அப்படி ஒவ்வொன்று கிடைக்கும். தயங்காமல் கொடுங்கள். பதிலுக்கு அவர்களின் செல்வாக்கு ஏறும். அது எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தொடக்கத்தில் மாதம் ஒரு பாயின்ட் என்பது ஆலோசகரே ஒருவர் கூடுதலாகக் கிடைத்ததற்குச் சமம்.

எதிரிகளாக மூன்று நாடுகளை அறிவிக்கலாம். பாமினி அந்தப் பட்டியலில் இருந்தால் முதலில் தேர்வு செய்யுங்கள். நட்பு நாடு தேடும்போது பாமினிக்கு மறுபக்கம் இருப்பவர்களைப் பாருங்கள். போர் வந்தால் எதிரியின் படை இரண்டாகப் பிரியும். உறவுகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, அடிப்படையில் நான்கு. சின்னச்சின்ன நாடுகளோடு எல்லாம் கைகுலுக்கி அந்த இடத்தை நிரப்பிவிடாதீர்கள்.

ஒரு தூதரைப் பாமினியில் உளவு வலை பின்ன அனுப்புங்கள். வலை 20-ஐத் தொட்டால் எல்லை மாகாணம் ஒன்றின் மீது உரிமை கோரலாம். அதுதான் போருக்கு நியாயமான காரணம். காரணமே இல்லாமல் போர் தொடுத்தால் நிலைத்தன்மையில் 2 படி போய்விடும். அதை மீட்க எத்தனை மாத நிர்வாகப் பாயின்ட் ஆகும் என்று மேலே போட்ட கணக்கை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, படைப் பராமரிப்புச் செலவின் நகர்த்தியைக் கீழே இறக்குங்கள். அமைதிக் காலத்தில் முழுச் சம்பளம் தேவையில்லை. ஆனால் போருக்குச் சில மாதம் முன்பே மேலே ஏற்றிவிட வேண்டும், மனவுறுதி நிரம்ப நேரமாகும். தம்பி இதை மறந்துபோய், எண்ணிக்கையில் இரண்டு மடங்கு பெரிய படையோடு போய்த் தோற்றான்.

சரி, இப்போது ஸ்பேஸைத் தட்டலாம். வேகம் ஐந்து படி உண்டு. மூன்றுக்கு மேல் போகாதீர்கள்.

நான்காம் படி: வணிகம், நம் ஊர்க் கணக்கில்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். எங்கள் ஊர்க்காரருக்கு மட்டும் இது சட்டென்று புரியும்.

எங்கள் தோட்டத்தில் பறிக்கும் பசுந்தேயிலை தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கே தூளாகி, குன்னூர் ஏலத்துக்கு வருகிறது. ஏலத்தில் எடுத்தவரின் லாரியில் மேட்டுப்பாளையம் இறங்குகிறது, பிறகு துறைமுகம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் கை வைக்கிறார், ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பு ஏறுகிறது. சரக்கு எப்போதும் கீழ்நோக்கித்தான் போகும். துறைமுகத்திலிருந்து பசுந்தேயிலை கோத்தகிரிக்குத் திரும்பி ஏறாது.

ஆட்டத்தின் வணிகமும் இப்படித்தான். உலகம் முழுவதும் வணிக முனைகள் உண்டு. அவற்றுக்கிடையே அம்புக்குறிகள் ஒரே திசையில் போகும், யாராலும் திருப்ப முடியாது. எல்லா ஆறும் கடைசியில் ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் என்ற மூன்று முனைகளில் போய் விழும். அங்கே இருப்பவர்களுக்கு ஏன் அவ்வளவு காசு என்பது இப்போது புரிந்திருக்கும்.

நமக்குச் சோழமண்டலக் கரை. துணியும் மிளகும் இங்கிருந்து மேற்கே போகின்றன. உங்கள் வணிகர் ஒரு முனையில் இரண்டில் ஒன்றைச் செய்யலாம்: அங்கேயே காசாக்கலாம், அல்லது அடுத்த முனைக்குத் தள்ளலாம். உங்கள் சொந்த முனையில் வணிகர் இல்லாவிட்டாலும் வசூல் தானாக நடக்கும். ஆகவே வணிகரை மேல்நிலை முனைக்கு அனுப்பி, அங்குள்ள சரக்கு உங்கள் முனையை நோக்கி வரும்படி தள்ளச் சொல்லுங்கள். வேறு முனையில் போய் வசூலித்தால் உங்கள் வணிக பலம் பாதியாகும். புதியவர்கள் எல்லா இடத்திலும் வசூல் போட்டுவிட்டு ஏன் காசு வரவில்லை என்று கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இலகுரகக் கப்பல்களைச் சொந்த முனையில் வணிகக் காவலுக்கு விடுங்கள். பத்து கப்பல் செய்யும் வேலை வருமானப் பக்கத்தில் அடுத்த மாதமே தெரியும்.

ஐந்தாம் படி: போர்

ஒரு படைப்பிரிவில் 1000 பேர். காலாட்படைப் பிரிவுக்கு அடிப்படை விலை 10 டுக்காட், குதிரைக்கு 25, பீரங்கிக்கு 30. விஜயநகரம் கடல் வழியாக அரபுக் குதிரைகளை வாங்கப் பெரும்பணம் செலவழித்தது நமக்குத் தெரிந்த வரலாறு. ஆட்டத்திலும் குதிரை விலை உறைக்கும். காலாட்படையே பெரும்பகுதியாக இருக்கட்டும், இரண்டு ஓரத்துக்கும் கொஞ்சம் குதிரை போதும். ராணுவத் தொழில்நுட்பம் 7-இல் பீரங்கி வரும். 50 ராணுவப் பாயின்ட் கொடுத்து ஒரு தளபதியையாவது வையுங்கள்.

சண்டையை 0 முதல் 9 வரையிலான பகடை நடத்துகிறது. அதில் நிலம் பேசும். மலை மாகாணத்தில் நுழைந்து தாக்குபவருக்குப் பகடையில் 2 குறையும், குன்றுப் பகுதி என்றால் 1, ஆற்றைக் கடந்தால் மேலும் 1. குன்னூர் பக்கம் பக்காசூரன் மலைக்கோட்டைக்கு ஏறிப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திப்பு காலத்தில் காவல் அரணாக இருந்த இடம். அங்கே நின்று கீழே சமவெளியைப் பார்த்தால், ஏறி வருபவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் மேலே இருப்பவன் எத்தனை அம்பு விட்டிருப்பான் என்று தெரியும். உங்கள் படை மலையில் நின்று எதிரியை வரவழைக்கட்டும். நீங்கள் ஏறிப் போகாதீர்கள்.

தொழில்நுட்பத்தில் எதிரியை விட ஒரு ராணுவப் படி பின்தங்கி இருக்கும்போது போரைத் தொடங்க வேண்டாம். அந்த ஒரு படிக்காக இரண்டு வருடம் காத்திருந்தாலும் நல்லதே.

ஆறாம் படி: எவ்வளவு எடுப்பது, அதாவது தலைக்கோட்டைப் பாடம்

ஜெயித்தாயிற்று. சமாதான மேசையில் பாமினியின் ஆறு மாகாணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. என் முதல் ஆட்டத்தில் ஆறையும் எடுத்தேன். கோர் போட நிர்வாகப் பாயின்ட் இல்லை. ஆளமுடியாத நிலத்தின் சுமை 100 சதவீதத்தைத் தாண்டியது, வரிசையாகக் கெட்ட நிகழ்வுகள், மூன்று இடத்தில் கலகம். அதைச் சமாளித்துக்கொண்டிருந்தபோது மால்வா, குஜராத், ஒரிசா, மிச்சமிருந்த பாமினி எல்லாம் ஒன்றாகக் கை கோத்து வந்தன. அத்தோடு முடிந்தது.

நிலம் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சுற்றியுள்ள நாடுகளின் மனதில் உங்களைப் பற்றிய அச்சம் ஒரு எண்ணாக ஏறும். ஒரு நாட்டில் அது 50-ஐத் தொட்டு, உங்கள் மீது வெறுப்பும் இருந்தால், அந்த நாடு உங்களுக்கு எதிரான கூட்டணியில் சேரலாம். பக்கத்தில் இருப்பவர்களுக்கும், நிலத்தை இழந்தவரின் மதத்தையும் பண்பாட்டையும் பகிர்பவர்களுக்கும் அச்சம் அதிகம். தூரத்து நாட்டுக்குக் குறைவு.

இது எங்கோ நடந்த கதையாகத் தோன்றினால் 1565 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். பாமினி உடைந்து ஐந்து சுல்தானியங்கள் ஆகியிருந்தன. ராமராயர் பல வருடம் அவர்களில் ஒருவரை ஒருவருக்கு எதிராக நிறுத்தி, நன்றாகவே ஆடினார். ஆனால் அந்த ஆட்டமே அவர்களுக்குப் பொதுவான எதிரி யார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. பீஜப்பூர், அகமதுநகர், கோல்கொண்டா, பீதர் நான்கும் ஒன்றாக வந்தன. தலைக்கோட்டையில் ராமராயர் கொல்லப்பட்டார், தலைநகரம் சூறையாடப்பட்டது. ஒரு கூட்டணி எப்படி உருவாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உதவிப் பக்கமும் விளக்கவில்லை.

ஆகவே, ஒரு போரில் இரண்டு மூன்று மாகாணம். மிச்சத்துக்குப் பணமாக வாங்குங்கள், அல்லது எதிரியின் நட்பு ஒப்பந்தங்களை முறியுங்கள். அச்சம் வருடத்துக்குச் சுமார் 2 என்ற கணக்கில்தான் இறங்கும், அதனால் அடுத்த போரை வேறு திசையில் வையுங்கள். வடக்கில் ஒன்று, பிறகு வடகிழக்கில், பிறகு கடலுக்கு அப்பால் இலங்கை. போர்நிறுத்தக் காலம் 5 முதல் 15 வருடம் வரை இருக்கும். அதை முறித்துத் தாக்கினால் நிலைத்தன்மையில் 5 படி போகும். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். போர்நிறுத்தத்தில் இருக்கும் நாடு கூட்டணியிலும் சேர முடியாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதையே கேடயமாக வைத்துக்கொள்வார்கள்.

ஏழாம் படி: பின்தங்காமல் இருப்பது

1450-இல் இத்தாலிப் பக்கம் மறுமலர்ச்சி தோன்றும். 1500-இல் குடியேற்றம், 1550-இல் அச்சு இயந்திரம், 1600-இல் உலக வணிகம் என்று ஐம்பது வருடத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும். இவை அண்டை மாகாணங்கள் வழியாக மெதுவாகப் பரவும். உங்கள் நாட்டில் 10 சதவீத வளர்ச்சியில் பரவிய பிறகுதான் காசு கொடுத்து ஏற்றுக்கொள்ள முடியும். அதுவரை தொழில்நுட்ப விலை ஏறிக்கொண்டே போகும். தெற்கிந்தியாவுக்கு மறுமலர்ச்சி நடந்து வந்து சேர நெடுங்காலம் ஆகும்.

காத்திருக்காதீர்கள். ஒரே மாகாணத்தில் பாயின்ட்களைக் கொட்டி வளர்ச்சியை ஏற்றினால் அந்த மாற்றம் அங்கேயே முளைக்கும். இதற்குப் பல நூறு பாயின்ட் தேவை, எனவே ஒன்றிரண்டு வருடம் முன்பே சேமிக்கத் தொடங்குங்கள். இடத்தைத் தேர்வு செய்வதில் கவனம் வேண்டும். விளைநிலச் சமவெளியில் ஒவ்வொரு சொடுக்கும் மலிவு. குன்றில் கால்பங்கு விலை கூடும், மலையில் அதற்கும் மேல். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு லோடு செங்கல் ஏற்றிய எவருக்கும் இந்த விலை வித்தியாசம் நியாயமாகவே படும். வளர்ச்சி ஏற்றும் பொத்தான் உங்கள் பதிப்பில் இல்லை என்றால் அது கூடுதல் பொதி ஒன்றில் இருக்கும். நான் எதையாவது வாங்கச் சொல்வதானால் அதை மட்டும்தான்.

கொள்கைத் தொகுதிகள் நிர்வாகத் தொழில்நுட்பம் 5-இல் திறக்கும். மொத்தம் எட்டு, ஒவ்வொன்றிலும் ஏழு. முதல் தொகுதியாக நிர்வாகப் பக்கத்தை எடுத்தால் கோர் போடும் செலவு குறையும், ஆனால் அதே பாயின்ட் தொழில்நுட்பத்துக்கும் வேண்டும் என்பதால் சில வருடம் மூச்சு முட்டும். தம்பி ராணுவப் பக்கத்தை முதலில் எடுத்தான். அவன் ஆட்டத்தில் அது தவறாகப் போகவில்லை.

ஆட்டத்தைச் சேமிப்பது பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. என் லேப்டாப் பேட்டரி பழசு. ஒருமுறை எழுபது வருட ஆட்சி போயே போய்விட்டது. தானியங்கிச் சேமிப்பை மாதம் ஒருமுறை என்று மாற்றி வையுங்கள். சாதனைப் பட்டியலுக்கான அயர்ன்மேன் முறையில் பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாது. கற்கும்போது அது வேண்டாம்.

எட்டாம் படி: 1500-இல் நிறுத்துங்கள்

முதல் ஆட்டத்தை 1821 வரை கொண்டுபோக வேண்டியதில்லை. முதல் ஐம்பது வருடத்தை மூன்று முறை ஆடுங்கள். முதல் முறை பாமினியை மட்டும் எதிர்த்து, இரண்டாம் முறை போரே இல்லாமல் வளர்ச்சியும் வணிகமுமாக, மூன்றாம் முறை ஒரிசாப் பக்கம் திரும்பி. ஒவ்வொரு முறையும் 1500 ஜனவரியில் நிறுத்தி, மாத வருமானம், மூன்று தொழில்நுட்பப் படிகள், மொத்த வளர்ச்சி மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தம்பியின் நோட்டில் இரண்டாம் ஆட்டம்தான் முன்னால் நிற்கிறது, அதில் அவன் ஒரு போர்கூடச் செய்யவில்லை. இப்போது நான்காவது முறை தொடங்கியிருக்கிறான், மறுமலர்ச்சியை எந்த மாகாணத்தில் முளைக்க வைப்பது என்று நேற்று ராத்திரி போன் செய்து கேட்டான்.